நடக்கிறீர்கள், சரி. எடை தூக்குகிறீர்களா?

ஒரு நிமிடம் இதைச் செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, நகராத ஒரு நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். இப்போது முழுசாக எழுந்து நின்று, மறுபடி உட்காருங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள்.

வயதானவர்களின் கால் வலுவை அளப்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் சோதனை இது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 60 முதல் 64 வயதுள்ள ஒரு பெண் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால் அவர் சராசரிக்குக் கீழே இருக்கிறார், கீழே விழும் ஆபத்து அவருக்கு அதிகம். அறுபது வயதுக்கே 12 என்றால் நாற்பத்தைந்தில் அதைச் சிரமமில்லாமல் தாண்ட வேண்டும், இல்லையா? எனக்கு 46 வயதில் 13 வந்தது. அதற்குள் தொடை எரிந்தது, கடைசி இரண்டு முறை உடம்பை முன்னால் வீசித்தான் எழுந்தேன். அத்தனைக்கும் நான் பல வருடமாக, ஒருநாள்கூட விடாமல், காலையில் ஒரு மணி நேரம் நடப்பவள். அந்த 13-தான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததையும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடைப்பயிற்சி பற்றி. நடப்பது நல்லது, நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இதயம், மூச்சு, இரத்த அழுத்தம், மனசு எல்லாவற்றுக்கும் அது நல்லது. ஆனால் சமதரையில் உடம்பைச் சுமந்து போவது உங்கள் தொடைக்கு ஏற்கெனவே பழகிப்போன வேலை. பழகிய வேலையைச் செய்யும்போது தசைக்கு வளர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கொஞ்சம் திணறும் அளவுக்குச் சுமை வந்தால்தான் "அடுத்த முறைக்கு இன்னும் வலுவாக இருக்க வேண்டும்" என்று உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கும். எடைப்பயிற்சி என்பது இவ்வளவுதான்: தசைக்குத் திணறும் அளவு சுமை கொடுப்பது, பிறகு ஓய்வு கொடுப்பது, பழகியதும் சுமையைக் கொஞ்சம் கூட்டுவது. டம்பெல்லாக இருக்கலாம், ரப்பர் பட்டையாக இருக்கலாம், உங்கள் சொந்த உடம்பின் எடையாகவும் இருக்கலாம். கருவி எதுவானாலும் பரவாயில்லை. கூட்டிக்கொண்டே போகிறோமா என்பதுதான் கேள்வி.

இது ஏன் நாற்பதுக்கு மேல் பெண்களுக்கு அவசரமான விஷயமாகிறது?

முப்பது வயதைத் தாண்டியதும், எதுவும் செய்யாமல் விட்டால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் இன்னும் கூடும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் பெண்கள் தொடங்கும்போதே குறைவான தசையோடு தொடங்குகிறோம், அதனால் இழப்பதற்கு நம்மிடம் கையிருப்பு குறைவு. இப்படி வயதாக ஆகத் தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். கிரேக்க மொழியில் சதை என்பதற்கும் இழப்பு என்பதற்கும் உள்ள சொற்களைச் சேர்த்து, இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் 1989-இல்தான் இந்தப் பெயரை முன்வைத்தார். காலம் காலமாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் வைக்கவே அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இதில் ஏமாற்றும் விஷயம் எடை பார்க்கும் இயந்திரம். தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எண் மாறாது. "இருபது வருடமாக ஒரே எடைதான்" என்று சொல்பவர்களுக்கு உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது. இறுக்கமான மூடியைத் திறக்க வேறு யாரையாவது கூப்பிடுவது, தரையில் உட்கார்ந்து எழும்போது கை தானாகவே எதையாவது தேடுவது, மாடிப்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடிக்க ஆரம்பிப்பது என்று அது வேறு இடங்களில் தெரியும். எல்லாம் மெதுவாக வருவதால், "வயசாயிடுச்சு" என்று நாமே ஒரு பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. தசையில் மெதுவாக வேலை செய்து களைக்காமல் நிற்கும் இழைகளும் இருக்கின்றன, சட்டென்று சுருங்கிப் பெரிய விசை கொடுக்கும் வேக இழைகளும் இருக்கின்றன. வயதாகும்போது அதிகம் மெலிவது இந்த வேக இழைகள்தான். கால் தடுக்கும்போது அடுத்த காலைச் சட்டென்று முன்னால் வைத்து உங்களைத் தாங்கிப் பிடிப்பது அவற்றின் வேலை. நிதானமான நடைக்கு அவை பெரிதாகத் தேவைப்படுவதில்லை. கனமான ஒன்றைத் தூக்கும்போதுதான் நரம்பு அவற்றை வேலைக்குக் கூப்பிடுகிறது.

அப்புறம் மெனோபாஸ். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கி, பிறகு குறைந்தே போகிறது. நாம் இதைப் பெரும்பாலும் உடல் சூடு, தூக்கமின்மை, எரிச்சல் என்று மட்டும்தான் பேசுகிறோம். எலும்பில் நடப்பது சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் பேசுவதில்லை.

எலும்பு கல் மாதிரி அப்படியே இருப்பதில்லை. பழைய எலும்பைக் கரைத்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க மாறி மாறி வேலை செய்கின்றன. கரைப்பவர்களை அளவோடு அடக்கி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். அது போனதும் கரைப்பது கட்டுவதை முந்திவிடுகிறது. கடைசி மாதவிடாயை ஒட்டிய சில வருடங்களில்தான் இந்த இழப்பு மிக வேகமாக இருக்கும். வலி கிடையாது, அறிகுறி கிடையாது. மணிக்கட்டோ முதுகெலும்போ இடுப்போ உடையும் வரை எதுவும் தெரியாது. இடுப்பு எலும்பு உடைந்து, அதற்குப் பிறகு பழையபடி நடமாட முடியாமல் போன ஒரு பெண்ணையாவது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மருந்து, கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் ஹார்மோன் சிகிச்சை என்று இதற்கு வழிகள் உண்டு, அவற்றை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எலும்புக்கு நேரடியாகக் கேட்கிற ஒரு மொழி இருக்கிறது, அது சுமை. எலும்பு தன் மீது விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். டென்னிஸ் ஆடுபவர்களின் ராக்கெட் பிடிக்கும் கையில் எலும்பு மறு கையைவிடத் தடிமனாக இருக்கும். எடையே இல்லாத விண்வெளியில் இருக்கும் வீரர்களுக்கோ, தகுந்த பயிற்சி செய்யாவிட்டால், உடம்பைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி குறைகிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் அது வளைவதையும் அழுந்துவதையும் உணர்ந்து, "இங்கே இன்னும் கட்டு" என்று சொல்லி அனுப்புகின்றன. நீச்சலும் சைக்கிளும் மற்றபடி அருமையான பயிற்சிகள்தான், ஆனால் அவற்றில் உடம்பு தாங்கப்படுவதால் எலும்புக்கு அந்தச் செய்தி பெரிதாகப் போய்ச் சேருவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற 50 முதல் 70 வயதுப் பெண்களில் ஒரு குழுவினர் வாரம் இரண்டு நாள், ஐந்தே ஐந்து பயிற்சிகளை, ஒரு வருடம் செய்தார்கள். அவர்களுக்கு எலும்பு குறையாமல் நின்றது, தசையும் வலுவும் கூடின, நிலைதடுமாறாமல் நிற்கும் திறனும் கூடியது. எதுவும் செய்யாத குழுவுக்கு எல்லாமே இறங்கியது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வு. அதில் சேர்ந்த 101 பெண்களும் ஏற்கெனவே எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், சராசரி வயது 65. "இவர்கள் கனமாக எதையும் தூக்கக் கூடாது" என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்க, தரையிலிருந்து பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பி) தூக்குவது, தோளில் எடை வைத்து உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் எடை தூக்குவது, கம்பியைப் பிடித்துக் குதித்து இறங்குவது என்று கொடுத்தார்கள். சின்ன எடை இல்லை, அவரவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த எடையில் 80 சதவீதத்துக்கும் மேல். இன்னொரு குழு வீட்டில் லேசான பயிற்சி செய்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கனமாகத் தூக்கியவர்களுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. 2.9 பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகும் ஒன்று திசை மாறி ஏறியிருக்கிறது, அதைப் பாருங்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நீங்களாகக் கனமான பார்பெல்லைத் தூக்கிவிடாதீர்கள், அவர்களுக்கும் முதலில் முறையைப் பழக்கி, மெல்ல மெல்லத்தான் எடை ஏற்றினார்கள்.

சர்க்கரை விஷயத்திலும் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் குளுகோஸை இன்சுலின் எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பார்த்தால், பெரும்பகுதி தசைக்குத்தான். தசை குறைந்தால் வைக்க இடம் குறைகிறது. அதோடு, வேலை செய்யும் தசை இன்சுலின் வந்து தட்டாமலே தன் கதவைத் திறந்து குளுகோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். மெனோபாஸை ஒட்டி வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும் பெண்களுக்கு இது சின்ன உதவி இல்லை.

மனச்சோர்வைக் குறைப்பதிலும் எடைப்பயிற்சி உதவுகிறது, பலருக்குத் தூக்கமும் கொஞ்சம் சரியாகிறது. எனக்குத் தூக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது, உடல் சூட்டில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் இது தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பும் தசையும் மட்டுமே போதுமான காரணம்.

"உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிடுமே" என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஆகாது. பெரிய தசை வளர முக்கியமாகத் தேவைப்படும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களிடம் ஆண்களில் இருப்பதில் ஒரு சிறு பகுதிதான், அதுவும் வயதோடு குறைகிறது. மேடையில் நிற்கும் பாடிபில்டர் பெண்கள் அந்த உடம்புக்காகப் பல வருடம், தினமும் பல மணி நேரம், உணவை அளந்து சாப்பிட்டு உழைத்தவர்கள். வாரம் இரண்டு நாள் செய்யும் ஒருவருக்குத் தற்செயலாக அப்படி வந்துவிடாது. இரண்டாவது பயம், "இனிமேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது" என்பது. 1990-இல், பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் அது நடக்கும் என்றால் ஐம்பதில் நடக்காதா?

சரி, எப்படித் தொடங்குவது?

எத்தனை நாள் என்பதற்கு எளிய பதில், வாரத்தில் இரண்டு நாள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வாரம் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி வேண்டும் என்கிறது, நடை போன்ற பயிற்சிக்கு மேல்தான் இது. இரண்டுக்கும் நடுவில் ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள், தசை வளர்வது அந்த ஓய்வில்தான்.

என்ன செய்வது என்று இணையத்தில் தேடினால் நூறு பயிற்சிகள் வந்து குழப்பும். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துக் கீழேயிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, கையில் கனத்தோடு நடப்பது, இந்த ஐந்தும் வந்துவிட்டால் உடம்பில் பெரும்பாலான தசைகளுக்கு வேலை வந்துவிடும். தள்ளுவதற்குச் சுவரில் கை வைத்துத் தள்ளுவதில் தொடங்கலாம், பழகியதும் மேசை விளிம்பு, அப்புறம் தரை. இழுப்பதற்கு ஒரு ரப்பர் பட்டை போதும்.

முதல் இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான்.

உட்கார்ந்து எழுவது, அதாவது ஸ்குவாட், அந்த நாற்காலிச் சோதனையேதான். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழுப் பாதமும் தரையில் அழுந்தி இருக்கும்படி, நாற்காலியை நோக்கி மெதுவாக இறங்குங்கள், மூன்று எண்ணும் வரை. தொப்பென்று விழாதீர்கள். இறங்கும் பாதியிலும் தசை வேலை செய்கிறது, விழுந்தால் அது வீணாகிவிடும். முட்டிகள் உள்பக்கம் சாயாமல் பாதம் காட்டும் திசையிலேயே போகட்டும். நாற்காலியை லேசாகத் தொட்டதும் மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். பத்து முறை எளிதாக வந்துவிட்டால், ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள்.

இடுப்பை மடிப்பதைப் பழகச் சுவர் ஒன்று போதும். சுவருக்கு முதுகு காட்டி, ஒரு பாத நீளம் தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாக மட்டும் தளர்த்தி, முதுகை நேராக வைத்து, கை நிறையச் சாமான் இருக்கும்போது பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவோமே, அந்த மாதிரி பின்பக்கம் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தொடையின் பின்புறம் இழுக்கும். அந்த இழுப்பு தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். அது தெரியாமல் கீழ்முதுகில் மட்டும் பாரம் தெரிந்தால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். இது கைவந்த பிறகுதான் கையில் எடை. டெட்லிஃப்ட் என்று பெரிய பெயர் சொல்வது இதையேதான். தரையிலிருந்து கனமான எதைத் தூக்கும்போதும் முதுகு பிடிக்காமல் காப்பாற்றப்போவதும் இதுதான்.

நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் எண்ணிக்கைக்கு ரெப் என்றும், அப்படி ஒரு சுற்றுக்கு செட் என்றும் பெயர். 8 முதல் 12 ரெப், இரண்டு அல்லது மூன்று செட், நடுவே ஓரிரு நிமிடம் ஓய்வு, இது தொடங்குகிறவர்களுக்கு நல்ல அளவு. எடை சரியா என்பதைக் கடைசி ரெப்புகள் சொல்லும். கடைசி இரண்டு உங்களை அறியாமலே மெதுவாகிப் போக வேண்டும், இன்னும் இரண்டு மூன்று வேண்டுமானால் முடியும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். பன்னிரண்டாவது ரெப்பும் முதல் ரெப்பும் ஒரே மாதிரி இருந்தால் எடை போதவில்லை. பெண்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு ஜோடி குட்டி டம்பெல் வாங்கி, மூன்று வருடம் அதே எடையை ஆட்டிவிட்டு, "எடைப்பயிற்சி செய்துதான் பார்த்தேன், பலனில்லை" என்று விட்டுவிடுகிறோம். சுமையைப் படிப்படியாக ஏற்றும் முறையை 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் காயம்பட்ட வீரர்களுக்குக் கொடுத்துக் காட்டினார், இன்றைக்கும் எல்லா எடைப்பயிற்சிக்கும் அதுதான் அடிப்படை. 12 ரெப் சுத்தமாக வந்துவிட்டால் அடுத்த முறை கிடைக்கிற அடுத்த எடைக்குப் போய் 8-இலிருந்து மறுபடி தொடங்குங்கள். இதற்கு ஒரு நோட்டு அவசியம். தேதி, எடை, எண்ணிக்கை, அவ்வளவுதான். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் போன வாரம் என்ன தூக்கினோம் என்பது நிச்சயம் மறந்துபோகும்.

முதல் சில வாரங்களிலேயே வலு கூடும், ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அப்போது மாறுவது நரம்பு. இருக்கிற தசை இழைகளில் கூடுதலான எண்ணிக்கையை ஒரே நேரத்தில் எழுப்ப அது கற்றுக்கொள்கிறது. தசை தடிப்பது அதற்குப் பிறகு மெதுவாக வரும், எலும்பு அதைவிட மெதுவாக, மாதக்கணக்கில். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் தசையைவிடத் தாமதமாகத்தான் உறுதியாகும். அதனால், "நல்லா முடியுதே" என்று இரண்டாவது மாதத்தில் எடையைத் தாறுமாறாக ஏற்றினால் முழங்கையோ தோளோ முதலில் முறையிடும்.

வலி பற்றி. மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை முழுக்க ஒரு மந்தமான வலி இருப்பது சகஜம், பழகப் பழகக் குறைந்துவிடும். மூட்டுக்குள்ளே குத்துகிற மாதிரி, ஒரே புள்ளியில், செய்யும்போதே வரும் வலி அப்படி இல்லை, அங்கே நிறுத்திவிட வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சடைப்பு என்றால் பயிற்சியை விட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால், அல்லது முன்பு எலும்பு முறிந்திருந்தால், தொடங்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எலும்பு அடர்த்தி குறைவு என்று டெக்சா ஸ்கேனில் வந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனிந்து தூக்குவதையும், குனிந்தபடி திருகுவதையும் தவிர்க்க வேண்டும், தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து ஆரம்பிப்பது நல்லது. மூச்சை அடக்கி முக்காதீர்கள், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

வெளியே சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தூக்கும்போது சிறுநீர் கசிகிறது என்பதற்காகப் பல பெண்கள் சத்தமில்லாமல் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். இது மிகப் பரவலான பிரச்சினை, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்வதால் வருவது, அந்தத் தசைகளுக்கும் பயிற்சி உண்டு, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே குறையும். எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அதற்கான பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம்தான், புரதம். வயது கூடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நல்லது என்கிறார்கள், 60 கிலோ உள்ளவருக்கு அது ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும், நாம் இவ்வளவு நேரம் பேசியதற்கு நேர் எதிர் அது.

நடுவில் விட்டுப்போகும். காய்ச்சல் வரும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், பயணம் வரும். எனக்கு ஒருமுறை ஏழு வாரம் விட்டுப்போனது. திரும்பி வந்த அன்றைக்குப் பழைய எடையைத் தூக்கப் பார்த்து நான்கு நாள் படி இறங்க முடியாமல் இருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள். நோட்டில் கடைசியாக எழுதிய எடையில் பாதியை எடுத்து, ஒரு செட் மட்டும் செய்துவிட்டு நிறுத்துங்கள். முன்பு பழகிய தசை புதிதாகப் பழகுவதைவிட வேகமாகத் திரும்பி வரும், பழைய இடத்தைப் பிடிக்க முதல் முறை ஆன அளவு காலம் ஆகாது. எனக்கு மூன்றே வாரம்தான் ஆனது.